மார்ச் 11 வரை

பிப்ரவரி 18
மாடல் ரயிலின் மூன்றாவது பெட்டி மறுபடியும் தடம் விட்டு இறங்கிவிட்டது. பாதை பிரியும் அதே பாயிண்ட். அதே இடம்.

பிப்ரவரி 19
கண் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள், மார்ச் 11. வீட்டுக்கு வந்ததும் மேசை விளக்கைப் போட்டு என்ன பாக்கி என்று எழுதினேன். ஜல்லி, ஸ்டேஷன் ஆட்கள், மலைச்சரிவில் புல், அந்தப் பாயிண்ட். நுணுக்கமான வேலையை முதலில் முடிக்க வேண்டும். புல்லைப் பிறகு கூட ஒட்டலாம்.

பிப்ரவரி 21
நாள் முழுக்க ஜல்லி. ஒரு மீட்டர்தான் ஆயிற்று.

காய்ந்த ஜல்லியைத் தூவி, மெல்லிய தூரிகையால் ஸ்லீப்பர் கட்டைகளின் தலையில் ஒரு கல் கூட நிற்காமல் தள்ள வேண்டும். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் புகைபோலத் தெளித்து நனைக்க வேண்டும். பிறகுதான் வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி, அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம். இதைச் சொட்டு மருந்துக் குழாயால் விட்டால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நனைக்காமல் விட்டால் சொட்டு உருண்டு நின்று, ஜல்லியில் பள்ளம் பறித்துவிடும்.

சொட்டு மருந்துக் குழாய் வீட்டில் இப்போது நிறையவே இருக்கிறது.

பிப்ரவரி 22
பள்ளம் ஒன்றுகூட இல்லை!

பிப்ரவரி 24
ஆட்கள். 1:87 அளவில் 174 செ.மீ. உயர மனிதர் சரியாக 20 மி.மீ. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் புடவைக் கரை போட மூன்று முறை முயன்றேன். நேராக இழுத்த கோடு வலது கண்ணுக்கு நடுவில் வளைகிறது. இடது கண்ணால் பார்த்தால் நேர்தான். எதை நம்பித் தூரிகையை வைப்பது? வைத்துவிட்டேன். கரை கொஞ்சம் தடித்துப்போயிற்று.

பாயிண்டுக்கு முன்னால் தண்டவாளமும் வளைந்துதான் தெரிகிறது. இடது கண்ணால் பார்த்தால் நேர். ஆனால் பெட்டிக்குக் கண் கிடையாது, அது இறங்குகிறதே.

பிப்ரவரி 26
தூக்கம் வரவில்லை. அமெரிக்க மாடல் ரயில்காரர் ஜான் ஆலனை நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே மாடலைக் கட்டியவர். தரையிலிருந்து கூரை வரை மலைகள், இடம் பெரிதாகத் தெரியக் கண்ணாடிகள், கூரையில் மழைக்கறை, சக்கரத்தில் துரு. புதுப்பொம்மை போலப் பளபளக்காத ரயிலை நம் எல்லோருக்கும் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர். 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே வீடு தீப்பிடித்து மாடலும் போய்விட்டது. அவர் புகைப்படக்காரர் என்பதால் படங்களாவது நிற்கின்றன.

நாளை என் மாடலைப் படம் எடுக்க வேண்டும். மூலை முடுக்கெல்லாம்.

பிப்ரவரி 27
எடுக்கவில்லை. மனம் வரவில்லை.

மார்ச் 1
சக்கரங்களை அளவியில் வைத்துப் பார்த்தேன், இடைவெளி சரி. பெட்டியைத் திருப்பிப் போட்டேன், இறங்கியது. வேறு நீளப் பெட்டியை ஓட்டினேன், அதுவும் இறங்கியது. அப்போது கோளாறு பாதையில்தான். லென்ஸ் வைத்து அரை மணி நேரம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. மகள் போனில், “அப்பா, கண்ணை வருத்தாதீங்க” என்றாள். சரி என்றேன். திரும்ப லென்ஸை எடுத்தேன்.

மார்ச் 3
தலைவலி.

மார்ச் 5
கண்டுபிடித்துவிட்டேன். கண்ணால் இல்லை.

விளக்கை அணைத்துவிட்டு, சும்மா விரல் நுனியைத் தண்டவாளத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போனேன். பாயிண்டுக்கு ஒரு சாண் முன்னால், இணைப்பில், நகத்தில் தட்டியது. திரும்ப ஓட்டினேன், திரும்பத் தட்டியது. ஒரு பக்கத் தண்டவாளம் இணைப்புத் தகட்டின் உள்ளே நுழையாமல் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. படி ஒரு முடியளவுதான். படி ஏறிக் குதித்த சக்கரம் பாயிண்டில் போய் இறங்குகிறது. இத்தனை நாளும் இறங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இருட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பாதை முழுவதையும் விரலால் ஒரு சுற்று வந்தேன். சுரங்கத்துக்குள் வளைவு எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரிந்தது.

மார்ச் 6
ஒட்டிய ஜல்லியை வெந்நீரில் ஊறவைத்துப் பெயர்த்தேன். தகட்டை மாற்றி, தண்டவாளத்தை நுழைத்து, சால்டர் வைத்து, அரத்தால் தேய்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போகிறது.

மார்ச் 7
நாற்பது சுற்று. ஒருமுறைகூட இறங்கவில்லை.

மார்ச் 9
மலைச்சரிவில் புல். மின்னூட்டக் கருவியைச் சல்லடைபோல ஆட்டினால் 4 மி.மீ. இழைகள் பசையில் நட்டமாக நிற்கின்றன. கையை வைத்துப் பார்த்தேன். ஈரம் காயும் முன் தொட்டிருக்கக் கூடாது, ஓர் இடம் படுத்துவிட்டது. போகட்டும், யாரோ உட்கார்ந்து எழுந்த இடம்.

மார்ச் 10
மகள் வந்துவிட்டாள். மாடலைப் படம் எடுக்கச் சொன்னேன். நானும் நிற்க வேண்டுமாம். நின்றேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது. புடவைக் கரையைச் சரிசெய்ய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. பெஞ்சிலிருந்து அந்த அம்மாவை எடுத்து