லேபிள் வெட்டின சட்டை

கல்யாணமாகி மொரீஷியஸ் வந்த புதுசுல, ஒரு ஞாயித்துக்கிழமை அத்தை என்னை கத்ர் போர்ன் சந்தைக்கு கூட்டிட்டுப் போனாங்க. புதன் சனின்னா அங்க காய்கறி, வியாழன் ஞாயிறுன்னா துணி. குவியல்ல கைய விட்டு ஒரு வெள்ளை லினன் சட்டைய இழுத்தேன், தொட்டதுமே தெரிஞ்சுது நல்ல துணின்னு, கழுத்துல பார்த்தா பிராண்ட் லேபிள பாதியோட கத்தரிச்சு விட்டிருக்காங்க. சிரிச்சுட்டேன். நான் திருப்பூர்காரி, எக்ஸ்போர்ட்ல மிஞ்சின துணி விக்கிற காதர்பேட்டைல இந்த மாதிரி வெட்டுப்பட்ட லேபிளப் பார்த்தே வளர்ந்தவ. கடல் தாண்டி வந்தும் அதே கத்தரி! விக்காம மிஞ்சுற டிசைனர் துணி எங்க போகுது, நம்ம கைக்கு எப்படி வருதுங்கிற கதை இந்தக் கத்தரிலதான் இருக்கு.

இங்க 1970ல ஏற்றுமதிக்குன்னே தனி மண்டலச் சட்டம் கொண்டு வந்தாங்க, 80கள்ல ஊருக்கு ஊர் துணி ஃபேக்டரி வந்துருச்சு. கரும்புக்காட்டுல வேலை பார்த்த குடும்பத்துப் பொண்ணுங்க எல்லாம் லிசினுக்குப் போனாங்க, லிசின்னா இந்த ஊர் பேச்சு மொழியான கிரியோல்ல ஃபேக்டரி. எங்க அத்தையும் அப்படித்தான், இருவது வருஷம் சட்டை காலர் தச்சவங்க. அவங்களுக்கு தமிழ்னா கோவில் பாட்டும் காவடியும்தான், எனக்கு கிரியோல் அப்போ சுத்தமா தெரியாது, ஆனா துணி விஷயத்துல ரெண்டு பேருக்கும் மொழியே தேவைப்படல.

டிசைனர் துணி மிஞ்சுறது ரெண்டு இடத்துல. ஒண்ணு ஃபேக்டரிலயே. ஆயிரம் பீஸ் ஆர்டர்னா டேமேஜுக்குன்னு கொஞ்சம் கூட வெட்டுவாங்க, எல்லாம் நல்லா வந்துட்டா அந்த எக்ஸ்ட்ரா அப்படியே நிக்கும். ஷேட் மாறிப்போச்சு, ஷிப்மெண்ட் லேட்டு, பையர் கேன்சல் பண்ணிட்டான்னா மொத்த லாட்டும் நிக்கும். அத வெளிய விக்கணும்னா பிராண்ட் பேரு தெரியக்கூடாதுன்னு பையர் கண்டிஷன் போடுவான், அதுக்குத்தான் இந்தக் கத்தரி, இல்லேன்னா லேபிள் மேல மார்க்கர்ல ஒரு கோடு. ஃப்ரெஞ்சுல இதுக்குன்னே டெக்ரிஃபேன்னு ஒரு வார்த்தை இருக்கு, லேபிள் பிடுங்கினதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு கடைக்குப் போயும் விக்காம நிக்கிறது. அது படிப்படியா இறங்கும். மொதல்ல சீசன் சேல், அப்புறம் பிராண்டோட சொந்த அவுட்லெட், அப்புறம் பல பிராண்டோட மிச்சத்த மலிவா விக்கிற டிகே மேக்ஸ் மாதிரி கடைங்க, வீபீ மாதிரி மெம்பருக்கு மட்டும் விக்கிற ஆன்லைன் சேல், அதுக்கும் கீழ கிலோ கணக்குல லாட் எடுக்கிறவங்க. இவ்வளவு தூரம் இறங்கினா நம்ம மானம் போயிடும்னு நினைக்கிற பெரிய பிராண்டுங்க கொளுத்திடுவாங்க, நெஜமாத்தான். பிரிட்டிஷ் பிராண்ட் பர்பெரி ஒரே வருஷத்துல 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்க அழிச்சது 2018ல வெளிய வந்து நாறிப்போச்சு, அதுக்கப்புறம்தான் இனிமே எரிக்க மாட்டோம்னு சொன்னாங்க. அமெரிக்கால இன்னொரு கூத்து, இறக்குமதி பண்ணின சரக்க விக்காமலே முறைப்படி அழிச்சிட்டா கட்டின சுங்க வரில 99 சதவீதம் திரும்பக் கிடைக்கும். நூல் நூத்து, நெய்து, சாயம் போட்டு, தச்சு, இஸ்திரி போட்டு அனுப்பின துணிய அடுப்புல போட்டா காசு வாபஸ்! திருப்பூர்ல ஒரு நாள் செக்கிங் டேபிள்ல நின்னு பார்த்தவங்களுக்கு வயிறு எரியும்.

ஃபிரான்ஸ்ல 2022 ஜனவரில இருந்து விக்காத துணிய அழிக்கக் கூடாது, தானம் பண்ணு இல்ல ரீசைக்கிள் பண்ணுன்னு சட்டம். ஐரோப்பிய யூனியன் முழுக்க பெரிய கம்பெனிகளுக்கு 2026 ஜூலை 19ல இருந்து.

சரி, நமக்கு எங்க கிடைக்கும்? அவுட்லெட்ல தானேன்னு நானும் நினைச்சேன். பாரிஸ்ல நாத்தனார் வீட்டுக்குப் போனப்போ ஒரு அவுட்லெட்ல எழுவது சதவீதம் தள்ளுபடின்னு ஒரு ஜாக்கெட் எடுத்தேன், ரெண்டு துவைப்புல பட்டன் கைல வந்துருச்சு, லைனிங் சுருங்கி ஓரமெல்லாம் சுருட்டிக்கிச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது நிறைய பிராண்டுங்க அவுட்லெட்டுக்குன்னே மட்டமான துணில தனியா தைக்கிறாங்கன்னு. அது மிஞ்சின சரக்கே இல்ல, பெரிய கடைல ஒரு நாள் கூட தொங்கினது இல்ல, அதுல போட்டிருக்கிற பழைய விலை சும்மா கண் துடைப்பு. அதனால என்னைக் கேட்டா தள்ளுபடி போர்ட விட வெட்டின லேபிளத்தான் நம்புவேன். டூப்ளிகேட் விக்கிறவன் பிராண்ட் பேர பெருசா போட்டுத்தான் விப்பான், அவன் எதுக்கு வெட்டப்போறான்?

அத்தை சந்தைல நின்னு அடிக்கடி சொல்றது ஒண்ணுதான், 'கெட் லெதிகெட், மோ ஃபி', லேபிளப் பாரு மகளேன்னு. அவங்க சொல்றது கழுத்து லேபிள இல்ல, உள்பக்கம் இடுப்புகிட்ட பக்கத் தையல்ல சொருகியிருக்கிற துவைக்கிற குறிப்பு. கழுத்து லேபிள வெட்டுறவங்க இத பெரும்பாலும் மறந்துடுவாங்க. அமெரிக்காவுக்குப் போற துணின்னா அதுல பெரும்பாலும் ஆர்என்னு (RN) போட்டு ஒரு நம்பர் இருக்கும், அத எஃப்டிசிங்கிற அமெரிக்க அரசு வர்த்தக ஆணையத்தோட வெப்சைட்ல போட்டா எந்தக் கம்பெனின்னு பேரே வந்துரும். என் லினன் சட்டைக்கும் அப்படித்தான் கண்டுபிடிச்சேன், வாய்விட்டு சொன்னா எங்க ஊட்டுக்காரர் நம்பல.

அப்புறம் சட்டைய உள்வெளியா திருப்பணும். கட்டம் போட்டதுன்னா பாக்கெட்ல கட்டம் உடம்போட சேருதா, தையல் பொடிசா நெருக்கமா இருக்கா, உள்ள ஸ்பேர் பட்டன் இருக்கா. ஸ்வெட்டர்னா இங்க இன்னும் யோகம், ஃப்ளோரியால் க்யூர்பிப் பக்கம் கம்பளி ஃபேக்டரிங்களோட கடைல சீசன் முடிஞ்சு நிக்கிற காஷ்மீர் கிடைக்கும், இங்க ஜூலைலதான் குளிர்காலம், மேட்டு ஊரான க்யூர்பிப்ல இருக்கிறவங்களுக்கு அது நகை மாதிரி. திருப்பூர்ல இருக்கிற எங்கம்மாவுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போய் திட்டு வாங்கினது தனிக் கதை.

அந்த வெள்ளை சட்டை ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு வீட்டுக்கு வந்துதான் புரிஞ்சுது. இடது கைப் பட்டில பட்டன் இருக்கு, காஜாவே இல்ல, மிஷின் அந்த ஒரு இடத்த மட்டும் தாண்டிப் போயிருக்கு. அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டு பிளேடால ஒரு கீறு கீறி, வெள்ளை நூல்ல கையாலயே காஜா கட்டி குடுத்தாங்க. சட்டை 350 மொரீஷியஸ் ரூபா.