ஜூலை மாத ரிப்போர்ட்டில் உங்கள் பிள்ளை எந்த வரியில் இருக்கிறது?

இங்கிலாந்துக்கு வந்து பிள்ளையை ரிசெப்ஷனில், அதாவது நாலு வயது முடிந்ததும் சேரும் தொடக்க வகுப்பில், சேர்த்தவர்களுக்கு முதல் ஜூலை மாதம் சின்ன ஏமாற்றம் ஒன்று காத்திருக்கும். ஆண்டு முடிவு ரிப்போர்ட் என்று மூன்று நாலு பக்கம் வரும். மார்க் இருக்காது, ராங்க் இருக்காது. 'நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறாள், எப்போதும் சிரித்த முகம், வகுப்பில் எல்லோருக்கும் பிரியமானவள், வீட்டில் தொடர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்' என்று தேனாக ஒழுகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் அதிலும் அதே சிரித்த முகம்தான். பெயர் மட்டும் வேறு.

ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. பல பள்ளிகளில் அது நிரம்பியே இருக்கும். ஒரு பிள்ளைக்கு 500 சொல் என்றாலும் மொத்தம் 15,000 சொல். பாடம் நடத்தாமல் திட்டமிடவும் திருத்தவும் ஆசிரியருக்குக் கிடைப்பது கற்பிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. ரிப்போர்ட் வேலை பெரும்பாலும் இரவுகளிலும் மே கடைசி விடுமுறையிலும்தான் நடக்கும். அதனால் பல பள்ளிகள் தயார் வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருக்கும். பாடத்தையும் நிலையையும் தேர்ந்தெடுத்தால் மென்பொருளே வாக்கியத்தை இறக்கி, பெயரையும் 'ஹீ', 'ஷீ'யையும் நிரப்பிவிடும். பிறகு மேலே ஒருவர் படித்துப் பார்த்து, பெற்றோரைச் சங்கடப்படுத்தும் சொற்களை மழுங்கடிப்பார். இத்தனை சல்லடையில் சலித்த பிறகு பிள்ளையின் முகம் எங்கே தெரியும்?

பெயர் நிரப்பும் இடத்திலேயே நமக்கு முதல் சிக்கல். நம்மவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்ததோ, சேர்க்கைப் படிவத்திலும் அதுவே ஏறிவிடும். ஐந்து வயதுச் சிறுமியை நாலு பக்கம் முழுக்க அப்பா பெயரால் அழைக்கும் ரிப்போர்ட் வருவது இப்படித்தான். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்க முடியாததால் 'ஹீ'யும் மாறி விழும். செப்டம்பரிலேயே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, 'அழைக்கும் பெயர்' என்ற இடத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். ஜூலையில் சொன்னால் அடுத்த வருடத்துக்குத்தான் உதவும்.

ரிசெப்ஷன் ரிப்போர்ட்டின் எலும்புக்கூடு நாடு முழுதும் ஒன்றுதான். மொத்தம் 17 கற்றல் இலக்குகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டில் ஒரு சொல். 'எக்ஸ்பெக்டட்' என்றால் அந்த வயது முடிவில் இருக்க வேண்டிய இடத்தை எட்டியாயிற்று. 'எமெர்ஜிங்' என்றால் இன்னும் எட்டவில்லை. முன்பு 'எக்ஸீடிங்' என்று மூன்றாவது ஒன்று இருந்தது, 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே சரளமாகக் கதைப்புத்தகம் வாசிக்கும் பிள்ளைக்கும், மூன்றெழுத்துச் சொற்களோடு ஒரு சின்ன வாக்கியத்தைக் கூட்டி வாசித்து இலக்கைத் தொட்ட பிள்ளைக்கும் ஒரே சொல்தான். 'எக்ஸ்பெக்டட்' என்று பார்த்துவிட்டு 'சுமார்தான் போலிருக்கிறது' என்று டியூஷன் தேடுவது வீண் வேலை. வயதையும் மறக்க வேண்டாம். செப்டம்பர் 1 அன்று பிறந்த பிள்ளையும் அடுத்த ஆகஸ்ட் 31 அன்று பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். இருவருக்கும் அதே 17 இலக்குகள். ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

'ஸ்பீக்கிங்: எமெர்ஜிங்' என்று வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் விபரீதம் ஒன்று உண்டு: மறுநாளே வீட்டில் தமிழை நிறுத்திவிடுவது. மதிப்பீட்டு விதிமுறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பதற்றம் வராது. 17இல் பேச்சு, மொழி சார்ந்த இரண்டும் எழுத்தறிவு சார்ந்த மூன்றும் ஆக ஐந்து இலக்குகளை மட்டுமே ஆங்கிலத்தில் பார்க்க வேண்டும். மீதி 12ஐ எந்த மொழியிலும் பார்க்கலாம். பிள்ளையின் ஆங்கிலம் இன்னும் உறுதிப்படவில்லை என்றால், வீட்டு மொழியில் அதன் திறன் எப்படி என்று ஆசிரியர் பெற்றோரிடம் கேட்டறிய வேண்டும். அப்போதுதான் மொழி வளர்ச்சியே தாமதமா, ஆங்கிலம் மட்டும்தான் புதிதா என்று பிரிக்க முடியும். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: தமிழில் முழு வாக்கியமாகப் பேசுகிறாளா, நடந்ததை முன்பின் மாறாமல் சொல்கிறாளா, ஏன் என்று கேட்கிறாளா. 'வகுப்பில் அமைதியான பிள்ளை' என்ற வரிக்குப் பின்னால், புது மொழியைக் காதில் மட்டும் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளை இருக்கலாம். இயல்பிலேயே அமைதியா, புது மொழியால் வந்த மௌனமா என்று அந்த வரி பிரித்துச் சொல்லாது.

கணக்கு இலக்கையே எடுத்துக்கொள்வோம். பத்து வரை எண்களின் அளவு புரிய வேண்டும். ஐந்து புள்ளி வரை எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். கூட்டினால் ஐந்து வரை வரும் சோடிகள் நினைவில் நிற்க வேண்டும். இதைத் தமிழில் செய்தாலும் செல்லும். மேசையில் நாலு பொத்தானைக் கைக்குட்டையால் மூடி, ஒரு நொடி திறந்து மூடுங்கள். 'நாலு' என்று பிள்ளை சொல்வதை அரை நிமிடக் காணொளியாக எடுத்து, கீழே ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதி, பள்ளி பயன்படுத்தும் டாபஸ்ட்ரி போன்ற செயலியில் ஏற்றுங்கள். ஆசிரியர் ஜூன் 30க்குள் மதிப்பீட்டை முடித்தாக வேண்டும். ஆகவே இது மே மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

இயர் 1இல் ஜூன் மாதம் ஃபோனிக்ஸ் சோதனை, அதாவது எழுத்துகளின் ஒலியைக் கூட்டிச் சொல்லை வாசிக்கும் சோதனை. ஆசிரியர் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து 40 சொற்களை வாசிக்கச் சொல்வார். பாதி உண்மைச் சொல், பாதி பொருளே இல்லாத கற்பனைச் சொல். கற்பனைச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விநோதப் பிராணியின் படம் இருக்கும். இதுவரை தேர்ச்சி எல்லை 32. எட்டாதவர்கள் இயர் 2இல் திரும்ப எழுத வேண்டும் – எழுதுவதல்ல, வாசிப்பதுதான், ஆனால் நம் வாயில் அப்படித்தான் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் இதில் சறுக்குவதுண்டு: 'ஸ்ட்ராம்' என்ற கற்பனைச் சொல்லை 'ஸ்டார்ம்' என்று தாமே திருத்தி வாசித்துவிடுவார்கள். பிழைதான். தமிழ் வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு 'ப'வின் இரண்டு ஒலிகளும், 'ஃப்', 'ஸ்' வகை ஒலிகளும் குழம்பலாம்; உச்சரிப்பு வழக்கைக் கணக்கில் எடுக்கும்படி ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலே சொல்கிறது. ரிப்போர்ட்டில் '29' என்று வெறும் எண் வந்தால், எந்தெந்தச் சொல் தவறியது என்று கேளுங்கள். முதல் 20 எளியவை, அடுத்த 20 கடினமானவை. தவறு எந்தப் பாதியில் என்று தெரிந்தாலே கோடை விடுமுறையில் என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

இயர் 2 தேர்வுகள் 2024 முதல் கட்டாயமில்லை. எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக இருந்த பழைய 'லெவல்' மதிப்பீட்டு முறை 2014இல் போனபிறகு இடை ஆண்டுகளுக்கு ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று சொற்கள் வைத்துக்கொண்டிருக்கிறது. வேறு பள்ளியில் படிக்கும் அக்கா மகனோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

நம்மை ஏமாற்றும் ஒரே எண் வருகைப்பதிவு. 'அட்டெண்டன்ஸ் 90%' என்று பார்த்ததும் பழைய மார்க் ஞாபகத்தில் மனம் குளிர்ந்துவிடும். ஒரு நாளுக்கு இரண்டு வேளை வீதம் 190 நாளுக்கு 380 வேளைகள். அதில் 90% என்றால் 38 வேளை, அதாவது 19 பள்ளி நாட்கள் போயிற்று. 'தொடர்ந்து வராத பிள்ளை' என்ற வகையில் அரசு கணக்கெடுப்பது அங்கேதான் தொடங்குகிறது. பள்ளி நாட்களில் ஊருக்குப் போய்வந்தால் அந்த எண் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

இனி வாக்கியங்கள். 'வித் சப்போர்ட்' என்றால் தனியாக இன்னும் முடியவில்லை. 'பிகினிங் டு' என்றால் சில நாள் வரும், சில நாள் வராது. 'என்ஜாய்ஸ்' என்பது திறமையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. 'லைவ்லி' என்றால் உட்கார வைப்பது பாடு. 'கன்டினியூ டு' என்று தொடங்கும் அறிவுரை பெரும்பாலும் சேமித்து வைத்த வாக்கியத்திலிருந்து வந்தது.

எது நிரப்பு, எது நிஜம் என்று பிரிக்க ஒரு பென்சில் போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பிள்ளையின் பெயரைப் போட்டுப் படியுங்கள். 'எண்களில் ஆர்வம் காட்டுகிறாள், கணக்கில் நம்பிக்கை வளர்ந்திருக்கிறது' – யாருக்கும் பொருந்தும்; அடித்துவிடுங்கள். 'இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது பதின்மூன்றில் நின்று யோசிக்கிறாள், பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் தடுமாறுவதில்லை' – இது ஒரு பிள்ளைக்குத்தான் பொருந்தும், அடிக்கோடு போடுங்கள். நாலு பக்கத்தில் இரண்டு மூன்று அடிக்கோடு தேறினால் நல்ல ஆசிரியர். பெரும்பாலும் கடைசியில் வரும் வகுப்பாசிரியர் குறிப்பில்தான் அவை இருக்கும். அங்கேயும் ஒன்றும் தேறவில்லை என்றால் கேட்க வேண்டியதுதான்.

ரிப்போர்ட்டைப் பற்றி ஆசிரியரோடு பேச வாய்ப்புத் தருவது பள்ளியின் கடமை. ஆனால் ஜூலை மூன்றாம் நான்காம் வாரத்தில் பள்ளி மூடிவிடும், செப்டம்பரில் ஆசிரியரே மாறிவிடுவார். ஆகவே வந்த இரண்டு நாளுக்குள் மின்னஞ்சல் போடுங்கள். கிடைப்பது பத்து நிமிடம்தான். 'எப்படிப் படிக்கிறாள்?' என்று தொடங்கினால் பத்து நிமிடமும் 'பிரமாதம்' என்பதிலேயே கழிந்துவிடும். நாமும் 'தேங்க் யூ டீச்சர்' என்று எழுந்து வந்துவிடுவோம். எழுத்து நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்: செப்டம்பர் பக்கத்தையும் ஜூன் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரிப்போர்ட் சொல்லாதது எல்லாம் தெரியும். யார் உதவியும் இல்லாமல் என்ன செய்கிறாள், எந்த இடத்தில் உதவி தேவைப்படுகிறது, இடைவேளையில் யாரோடு எந்த மொழியில் பேசுகிறாள் என்று கேளுங்கள். ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். இங்கே கேட்காத பெற்றோரைத்தான் ஆர்வமில்லாதவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அதற்கும் மேல் வேண்டுமானால், உள்ளாட்சியான கவுன்சில் பராமரிக்கும் பள்ளி என்றால் பிள்ளையின் கல்விப் பதிவைப் பார்க்க எழுத்தில் கேட்கலாம். 15 பள்ளி நாட்களுக்குள் காட்ட வேண்டும். அரசுப் பணத்தில் இயங்கினாலும் கவுன்சிலின் கீழ் வராத அகாடமி பள்ளி என்றால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேட்க வேண்டும். பொதுவாக ஒரு மாதம். இவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை அபூர்வம். அடிக்கோடிட்ட அந்த இரண்டு மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதி வைத்து, இலையுதிர்காலப் பெற்றோர் சந்திப்பில் புது ஆசிரியர் முன் வைத்து, 'பதின்மூன்றில் இன்னும் நிற்கிறாளா?' என்று கேளுங்கள்.