விபலென்னா: செலவையும் மீறி ஒரு பயணம்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவை ஒட்டிய ஃபிளிண்டர்ஸ் தீவுக்குச் செலவழித்த பணத்தில் மெல்பர்னில் ஒரு வாரம் வசதியாகத் தங்கியிருக்கலாம். லான்செஸ்டனிலிருந்து புறப்படும் சிறு விமானத்தின் கட்டணமே வயிற்றைக் கலக்கியது. தீவில் பேருந்து கிடையாது என்பதால் வாடகைக்கு எடுத்த காரின் உரிமையாளர், கதவில் முன்பே இருந்த கீறலை என் கணக்கில் எழுதி, முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். காரை வாங்கியவுடன் நாற்புறமும் படம் எடுத்து வைக்காதது என் மடத்தனம்.

இவ்வளவுக்கும் காரணம் ரிக்கி மேனார்ட். டாஸ்மேனியப் பூர்வகுடியைச் சேர்ந்த இந்தப் புகைப்படக் கலைஞர், தம் மக்கள் கொல்லப்பட்டும் நாடுகடத்தப்பட்டும் போன இடங்களைத் தேடிச்சென்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை முன்பொருமுறை பார்த்திருந்தேன். ‘உடைந்த இதயம்’ என்ற படத்தில் அவரே கடல்நீரில் நிற்கிறார். இத்தீவில் பூர்வகுடிகளை அடைத்துவைத்த விபலென்னா முகாம் இருந்த இடத்தில் 2005இல் எடுத்த ‘குணமாக்கும் தோட்டம்’ படத்திலோ இரத்தமும் இல்லை, ஆயுதமும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று அன்று அவசரமாக நகர்ந்துவிட்டேன்.

1828இல் டாஸ்மேனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்தர் பூர்வகுடிகளுக்கு எதிராக இராணுவச் சட்டத்தை அறிவித்தார். 1830இல் படைவீரர்களும் குடியேறிகளுமாக ஏறத்தாழ 2,200 பேரை வரிசையாக நிறுத்திப் பூர்வகுடிகளை விரட்டினார். எஞ்சியவர்களை ராபின்சன் என்பவர் பேசி இணங்கவைத்து இத்தீவுக்குக் கொண்டுவந்தார். 1847இல் விபலென்னா முகாம் கலைக்கப்பட்டபோது உயிரோடு திரும்பியவர்கள் 47 பேர். அவர்களில் எஞ்சியிருந்தவர்களைத்தான் 1858இல் பிஷப் நிக்சன், அவர்கள் குடியமர்த்தப்பட்ட ஓய்ஸ்டர் கோவ் என்ற இடத்தில் நிறுத்திப் படம் பிடித்தார். 1876இல் இறந்த துருகனினி என்ற பூர்வகுடிப் பெண்ணோடு அந்த இனமே முடிந்துவிட்டதாகப் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் வந்தவர் ஒருவர், அதே புகைப்படக் கருவியைத் தம் கையில் எடுத்திருக்கிறார் என்பதே என்னை இங்கு இழுத்தது.

‘கறுப்பர்களின் வீடுகள்’ என்று பொருள்படும் பெயரைக்கொண்ட விபலென்னாவில் இப்போது செங்கல் தேவாலயம் ஒன்றும் இடுகாடும் இருக்கின்றன. வெள்ளையர் சிலருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. பூர்வகுடிகளின் புதைகுழிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் அடையாளமும் இல்லை. எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று தெரியாமல் வேலியோரமாகவே நடந்தேன். காற்று அறைந்தது, கொண்டுவந்த ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. நான் எடுத்த முப்பது படங்களிலும் புல்தான் தெரிகிறது. மேனார்ட் எதைத் தவிர்த்துவிட்டு எடுத்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரியத் தொடங்கியது.

அடுத்து ஓய்ஸ்டர் கோவுக்குப் போக வேண்டும். அது ஹோபார்ட்டுக்குத் தெற்கே இருக்கிறது; நல்லவேளையாக, விமானம் ஏற வேண்டியதில்லை.