கழிவு எங்கே போச்சு?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்கு நான் எழுதிக்கொடுத்த பில் நிரல் நாலு சீசனாக ஓடுகிறது. பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதியது. இந்த ஜூனில் பெங்களூரா ரக மாங்காய் லோடு குவிந்த நேரம், மண்டிக் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, என் நோட்டுல கழிவு புடிச்சிருக்கேன். உங்க சீட்டுல புடிக்கலையே, மொத்தம் கூட வருதே."

கழிவு என்பது, சரக்கு கொண்டுவந்தவருக்குத் தரும் தொகையில் மண்டி பிடித்துக்கொள்வது. மூன்று நாள் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினேழு பேருக்குக் கூடுதலாகப் போயிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்களிடம் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவருக்குத்தான் நஷ்டம்.

அந்த வாரம்தான் ரகவாரியாகக் கழிவு போட நிரலில் ஒரு மாற்றம் செய்திருந்தேன். மொத்தம் போடும் இடத்தில் 'கழிவு' என்பதை ஆங்கில எழுத்தில், ழகரத்துக்கு இசட்-எச் போட்டு எழுதியிருக்கிறேன். புதிதாகச் சேர்த்த வரியில் வெறும் எல். நம்மில் பாதிப் பேர் வாயில் இரண்டும் ஒன்றுதான். பி.எச்.பி.க்கு அப்படி இல்லை.

ஒரு சீட்டின் கணக்கு முழுவதையும் ஒன்றாக வைத்திருக்கும் நிரல் பகுதி கிளாஸ்; அதற்குள் எடை, விலை போன்ற மதிப்புகளை வைக்கும் பெயர்கள் ப்ராப்பர்ட்டிகள். அந்த ப்ராப்பர்ட்டிகளை நான் முன்கூட்டி அறிவிக்கவே இல்லை. அதனால் எல் போட்ட பெயரில் புதிதாக ஒன்றைச் சத்தமில்லாமல் உண்டாக்கி, கழிவை அதில் வைத்துக்கொண்டது. பழைய பெயரைக் கேட்டபோது கிடைத்தது நல் (null), அதாவது மதிப்பே இல்லை. கழித்தலில் நல் என்றால் சுழியம். சர்வரில் இருந்தது பி.எச்.பி.யின் 7.4 பதிப்பு. பிழைகளைக் குறித்துவைக்கும் லாகில் நோட்டீஸ் என்ற சின்ன எச்சரிக்கை ஒன்று விழுந்திருக்கிறது, நான் திறந்து பார்க்கவில்லை.

அன்று இரவே எடை, விலை, கழிவு, கமிஷன், கூலி எல்லாவற்றையும் கிளாஸின் மேலேயே டைப்போடு, அதாவது எந்த வகை மதிப்பு என்று சொல்லி, அறிவித்தேன். தொடக்க மதிப்பாகச் சுழியம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பெயர் பிழையானாலும் கழிவு சுழியமாகவே நிற்கும், அந்த நோட்டீஸ்கூட வராது. டைப் சொல்லி, மதிப்பு வைக்காமல் விட்டதைப் படிக்கப் போனால் எரர் வந்து நிரல் அங்கேயே நிற்கும். தப்பான சீட்டு போவதைவிடச் சீட்டே வராதது மேல். லாரி பத்து நிமிடம் நிற்கட்டும்.

சர்வரையும் 8.2க்கு மாற்றினேன். 2022 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பு முதல், அறிவிக்காத ப்ராப்பர்ட்டியை உண்டாக்கினாலே டெப்ரிகேட்டட், அதாவது இனி இந்த வழக்கம் வேண்டாம், என்று எச்சரிக்கிறது. கிளாஸின் தலையில் அட்ரிபியூட் என்ற ஒரு குறிப்பு போட்டு அதன் வாயை அடைக்கவும் வழி உண்டு. பிறர் எழுதிவைத்த பழைய லைப்ரரி நிரலுக்குத் தேவைப்படலாம். காசுக் கணக்குப் பார்க்கிற கிளாஸில் நான் போட மாட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போன். செந்தூரா ரக லோடுக்குச் சீட்டு வரவில்லை. திறந்து பார்த்தால், அதே மாற்றத்தில் செந்தூராவுக்கு மட்டும் இறக்குக் கூலியை எங்குமே வைக்காமல் விட்டிருக்கிறேன். அந்த மூன்று நாள் செந்தூரா சீட்டுகளை மறுபடி எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன்.