ச்சீ மரப்பாலும் என் கிண்ணமும்

இது நான்காவது மாதம். கிண்ணம் இன்னும் முடியவில்லை, கை அரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

சீனாவின் ஃபூசோ நகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், கடையொன்றில் கறுப்புச் சாடி ஒன்றைத் தூக்கினேன். கனக்கும் என்று நினைத்து வேகமாகத் தூக்கியதில் மூக்கில் இடிக்கப் பார்த்தது. உள்ளே மரமும் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் துணியும், ஆங்கிலத்தில் ‘லாக்கர்’ (lacquer) எனும் மரப்பாலும்தான். அச்சின்மேல் துணியை ஒட்டி, இறுகியதும் அச்சை எடுத்துவிடுவார்கள். மறந்துபோயிருந்த இந்த வேலையை 18ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் மீட்டவர் ஷென் ஷாவோஆன். சரி, நாமும் ஒன்று செய்து பார்ப்போம் என்று வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன்.

அந்தப் பாலுக்குச் சீனத்தில் உள்ள பெயர் நம் காதில் ‘ச்சீ’ என்றே விழும். தொட்டவனுக்குப் பெயர்ப் பொருத்தம் புரியும். நம் அரக்கு பூச்சி தருவது. இது மரத்தைக் கீறி எடுப்பது. சேங்கொட்டைக்கும் முந்திரிக்கும் பங்காளி. சலவைத் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் வெந்துபோகுமே, அதே குணம்தான்.

முதல் மாதம், பாலில் மாவுப் பசை கலந்து, பிளாஸ்டர் அச்சில் நார்த்துணியை இரண்டு சுற்று ஒட்டினேன். கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. மூன்றாம் நாள் சரியாக அங்கேதான் கொப்புளம். பத்து நாள் தூக்கம் போனது. பட்டதும் சமையல் எண்ணெயால் துடைத்து, அப்புறம்தான் சோப்புப் போட வேண்டுமாம். தூரிகைக்கும் எண்ணெய்தான்.

இரண்டாம் மாதம் முழுக்க ஓட்டுத்தூளைப் பாலில் குழைத்துப் பூசுவதும், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும்தான். சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் மாதம் முதல் கறுப்புப் பூச்சு. சீக்கிரம் காயட்டும் என்று ஏசி அறையில் வைத்தேன். நான்கு நாள் கழித்தும் பிசுபிசுப்பு. “ஈரத்துணி எங்கே?” என்று ஆசிரியை சிரித்தார். இது பெயின்ட் மாதிரி ஈரம் போய்க் காய்வதில்லை. பாலில் உள்ள நொதி ஒன்று காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதை இறுக்குகிறது. அதற்குக் காற்றில் 75, 80 சதவீத ஈரப்பதமும் இதமான சூடும் வேண்டும். மழைக்காலத்தில் துணி காயாத ஊரில் இது காய்கிறது! அட்டைப்பெட்டிக்குள் ஈரத்துணி விரித்து வைத்தேன். மறுநாள் காலையில் விரல் ஒட்டவில்லை.

உடனே பேராசை. அடுத்த பூச்சைக் கெட்டியாகப் போட்டேன். மேல்தோல் முந்திக்கொண்டு இறுகி, பாலாடை மாதிரி சுருங்கிவிட்டது. மொத்தத்தையும் தேய்த்தெடுக்க இரண்டு ஞாயிறு போயின. பூச்சின்மேல் பூச்சாக நூறு வரை போட்டு, அந்தக் கனத்தில் பூவும் மலையும் செதுக்கும் சிவப்புப் பெட்டிகளை இப்போது பார்த்தால் பயமாக இருக்கிறது.

இதுவரை ஐந்து பூச்சு நின்றிருக்கிறது. இன்னும் இரண்டு. பிறகு உள்ளே எழுத்து. சாங்ஷாவுக்கு அருகே மாவாங்துயி கல்லறையில் 1972இல் எடுத்த தட்டுகளில் ‘மகிழ்ந்து உண்ணுங்கள்’ என்று எழுதியிருக்கிறது. 2100 ஆண்டு கடந்தும் அழியவில்லை. என் கிண்ணத்தில் ‘சாப்பிடுங்க’ போதும். சிவப்பு வாங்கியாயிற்று. பழைய ஓட்டில் எழுதிப் பழகுகிறேன். ‘ங்’ மட்டும் இன்னும் வழிகிறது.