வார்டிலிருந்து வந்த பிள்ளை தேறியதா?

மனநல வார்டில் சேர்த்து வைத்தியம் பார்த்த பிள்ளைக்கு, எவ்வளவு தேறியது என்று டிஸ்சார்ஜ் அன்று போடும் மதிப்பெண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. ஆக மோசமான நாளில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், அந்த நாளோடு ஒப்பிட்டால் அதற்கப்புறம் எந்த நாளும் தேறியதாகத்தான் தெரியும்.

பல்லடம் பக்கம் வாத்தியார் வேலை எனக்கு. என் வகுப்புப் பையன் ஒருவன் வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபோது எஸ்டிக்யூ (SDQ) என்ற படிவம் கைக்கு வந்தது, பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் மதிப்பிடும் கேள்வித்தாள். ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்டது. 25 வாக்கியம், அதில் 20-ஐக் கூட்டி 40-க்கு மதிப்பெண், கூடக்கூடச் சிரமம் அதிகம். பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 11 வயது ஆகிவிட்டால் பிள்ளையே நிரப்ப ஒன்று. சிக்கல் என்னவென்றால், வழக்கமான படிவம் கடந்த ஆறு மாதத்தைக் கேட்கும். பையன் வீட்டுக்கு வந்தே கொஞ்ச நாள்தான், அதை நிரப்பினால் வார்டுக்கு முந்தைய ரகளையும் சேர்ந்துதான் வரும். கடைசி ஒரு மாதத்தை மட்டும் கேட்கும் படிவம் தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பையனின் அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடிந்து வரும்போது அவன் தூங்கியிருப்பான். டாக்டர் கேட்டால் "பரவாயில்லீங்க சார்" என்பார், முகத்துக்கு நேரே குறை சொல்லும் பழக்கம் நம்ம ஊரில் ஏது? நான் போடும் மதிப்பெண்ணும் அந்த அம்மா போடுவதும் ஒத்துப்போகாது, அதற்காக இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது வீண்வேலை. வீட்டில் ஒரு மாதிரி, வகுப்பில் ஒரு மாதிரி, இரண்டுமே நிஜம்தான்.

மறுபடி அட்மிஷன் ஆகவில்லை என்பதையும் வெற்றிக் கணக்கில் எழுதுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்துப் போக முடியாதவர்கள், வேறு ஆஸ்பத்திரிக்கோ மந்திரிக்கவோ போனவர்கள், இவர்களெல்லாம் அந்தக் கணக்கில் குணமானவர்களா? ஆறு மாதம் கழித்து ஒரு போன் போட்டுக் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எனக்கு உறுத்திய வரி வேறு. மற்ற பிள்ளைகள் இவனைச் சீண்டுகிறார்களா, கேலி செய்கிறார்களா என்று 25-ல் ஒன்று. ஆமாம், 'வார்டு' என்றே கூப்பிடுகிறார்கள். நான் 'நிச்சயமாக உண்மை' என்று டிக் அடித்தால் 2 மதிப்பெண் ஏறுவது இவன் கணக்கில். அடித்தேன், ஓரத்தில் பேனாவால் காரணத்தையும் எழுதினேன். கேலி பண்ணுகிறவர்களின் வீட்டுக்குப் பேச வேண்டியது என் வேலை, அது எந்தப் படிவத்திலும் வராது.