கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி

இரண்டு வருடமும் நான்கு மாதமும் என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, மினிட் புத்தகம், ரசீதுப் புத்தகம் இரண்டு, ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று. மேலே யூரியா சாக்கு போட்டு மூடியிருந்தேன். வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. பூட்டு வாங்கி மாட்டினால் மூன்று மாதத்தில் உப்புப் பூத்து இறுகிவிடும். மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்டுத் திறந்து மூடுவேன். எடுக்க வைக்க ஒன்றும் இல்லாத மாதத்திலும் திறப்பேன்.

நான் சபையின் பொருளாளர். அதற்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம். இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும், வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் வேலை. அந்தப் பழக்கத்தால்தான் பெட்டியை என்னிடம் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் லூத்தரன் திருச்சபை ஒன்றுக்கு மேல் உண்டு. எங்களுடையது எது, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கூடம் என்றால் எல்லோருக்கும் தெரியும், கலாம் படித்த பள்ளி. அந்த ஷ்வார்ட்ஸ், தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரிதான். ஆனால் இந்தக் கடற்கரையில் லூத்தரன் என்று சொன்னால் "அது எந்தக் கூட்டம்?" என்றுதான் கேட்பார்கள். கத்தோலிக்கர் இருக்கிறார்கள், சி.எஸ்.ஐ. இருக்கிறது, பெந்தெகொஸ்தே தெருவுக்கு ஒன்று. நாங்கள் நாற்பத்து மூன்று குடும்பம். பாதிப் பேர் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள்.

விஷயம் தலைமையில் ஆரம்பித்தது. மேலே தேர்தல் நடந்தது. தோற்றவர்கள் தேர்தலே செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஜெயித்தவர்கள் பதவி ஏற்றுவிட்டோம் என்றார்கள். ஒரே வாரத்தில் எங்களுக்கு இரண்டு சுற்றறிக்கை வந்தது, இரண்டிலும் ஒரே முத்திரை. காணிக்கைப் பங்கை எங்களுக்கு அனுப்புங்கள் என்றது ஒன்று. மற்றவர்களுக்கு அனுப்பினால் ஒழுங்கு நடவடிக்கை என்றது இன்னொன்று. அப்புறம் போதகர் மாற்றல் உத்தரவு, அதுவும் இரண்டு. ஒரு ஐயா காலை ஏழு மணிக்கு ஆராதனை நடத்துவார், இன்னொருவர் ஒன்பதரைக்கு வருவார். இடையில் கோவில்பிள்ளை பலிபீடத்து மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, மறுபடி ஏற்றுவார். பேங்கில் இரண்டு தரப்பு கடிதமும் போனதால் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கரண்ட் பில்லை ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டுக் கட்டினோம்.

கடவுளைப் பற்றிய சண்டை என்று வெளியாட்கள் நினைக்கலாம். ஒரு வரி கூடக் கடவுளைப் பற்றி இல்லை. திருச்சபை என்றால் ஆராதனை மட்டுமா? பள்ளிக்கூடம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, ரோட்டோரத்தில் கடை வாடகை இருக்கிறது, மிஷனரிமார் வாங்கிப்போட்ட நிலம் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஒரு வாத்தியார் வேலை காலியானால் நியமனத்தில் யார் கையெழுத்து? அந்தக் கையெழுத்துக்காகத்தான் இவ்வளவும். அதற்கு ஓட்டு வேண்டும். ஓட்டுக்கு வாக்காளர் பட்டியல் வேண்டும். சந்தா பாக்கி வைத்தவன் பெயர் பட்டியலில் வராது. எதிர்த்தரப்பு ஆட்கள் சந்தா கொண்டுவந்தால் ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லும் வழக்கம் பல சபைகளில் உண்டு. எங்கள் சபையிலும் உண்டு. சொன்னது நான்தான். இரண்டு தடவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்னாருக்கே கீழ்ப்படிவோம் என்று ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. பத்து நாள் கழித்து எதிர்த்தரப்பு தாள் வந்தது. கொண்டுவந்த இரண்டு பேரும் எனக்கு உறவு. ஒருவர் சித்தப்பா மகன், இன்னொருவர் சம்பந்தி வீட்டுக்காரர். காபி கொடுத்தேன். இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தங்கை குடும்பம் வந்திருந்தது. தங்கை வீட்டுக்காரர் சென்னை குருகுலத்தில் இறையியல் படித்தவர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "மதினி, இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கு" என்று ஒரு கதை சொன்னார்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மார்ட்டின் ஸ்டீபன் என்று ஒரு லூத்தரன் போதகர். பேச்சில் ஆளைக் கட்டிப்போடுபவராம். அங்கே உண்மையான விசுவாசத்துக்கு இடமில்லை என்று சொல்லி, 1838 நவம்பரில் ஐந்து கப்பல்களில் ஏறக்குறைய எழுநூறு பேரை அமெரிக்காவுக்குக் கிளப்பிவிட்டார். வீடு வாசலை விற்ற பணம் பொதுக் கஜானாவில். அமாலியா என்ற கப்பல் ஆளோடு கடலில் காணாமல் போனது. (இந்த இடத்தில் நான் "ஐயோ" என்றேன். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு எங்கள் தெருவிலேயே இரண்டு.) கரை சேர்வதற்கு முன், 1839 ஜனவரி 14 அன்று, கப்பலிலேயே அவரை பிஷப் ஆக்கினார்கள். பிறகு மிசிசிப்பி ஆற்றில் போகும்போது, ஆன்மிகக் காரியத்திலும் உலகக் காரியத்திலும் அவருக்கே கீழ்ப்படிவோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

ஜனவரி 14! தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை உருவானதும் 1919-இல் அதே ஜனவரி 14 தான். லூத்தரன்களுக்கும் பொங்கலுக்கும் ஏதோ இருக்கிறது என்றேன். தங்கை வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

மே மாதமே எல்லாம் கவிழ்ந்தது. ஸ்டீபன் மேல் பெண்கள் விஷயத்தில் புகார், பணத்தைப் பற்றியும் புகார். மே 30 அன்று பதவியைப் பறித்து, படகில் ஏற்றி, ஆற்றின் அக்கரையில் இல்லினாய்ஸ் பக்கம் இறக்கிவிட்டார்கள். கீழ்ப்படிவோம் என்று பிப்ரவரியில் கையெழுத்துப் போட்ட அதே ஆட்கள்.

"அதுக்கப்புறம்தான் மதினி விசேஷம்" என்றார். பிஷப் போய்விட்டார். அவர் பேச்சை நம்பி ஊரை விட்டு வந்தாகிவிட்டது. அப்படியானால் நாம் யார்? மார்பாக் என்ற வக்கீல், நாம் சபையே இல்லை, நம் போதகர்கள் போதகர்களே இல்லை என்றார். 1841 ஏப்ரலில் அல்டன்பர்க் என்ற குடியிருப்பில் இதை வைத்து விவாதம் நடந்தது. பதில் சொன்னவர் வால்தர், 29 வயதுப் போதகர். தலைவன் தப்பானவனாக இருக்கலாம், வந்ததே தப்பாக இருக்கலாம்; வசனமும் சாக்கிரமெந்தும் (ஞானஸ்நானம், நற்கருணை) இருக்கிற இடத்தில் சபை இருக்கிறது, சபை இருந்தால் போதகரை அழைக்கும் அதிகாரமும் அதனிடம் இருக்கிறது என்றார். அவர் பக்கம்தான் நின்றது. 1847-இல் மிசோரி சினாட் என்று லூத்தரன் சபைகளின் கூட்டமைப்பு அமைந்தபோது, அவரையே முதல் தலைவராக வைத்தார்கள். சபைகள் மேல் சினாட்டுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான் என்றும் எழுதி வைத்தார்கள்.

சரி, நல்ல கதை என்று நினைத்துக்கொண்டு தூங்கப்போனேன். எழுநூறு பேரில் கஜானாச் சாவி யாரிடம் இருந்திருக்கும் என்ற யோசனைதான் ஓடியது.

அடுத்த நவம்பரில் கருப்பட்டிப் பாட்டி செத்துப்போனார். எண்பது தாண்டியவர். ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வைத்துத் தெருத்தெருவாக விற்றவர், சந்தா ஒரு மாதம்கூட பாக்கி வைக்காதவர். வாடைக்காற்றும் மழையும் பிடித்துக்கொண்ட நேரம். பாம்பன் ரயில் பாலம் மூடிக்கிடந்ததால் ராமேஸ்வரம் வண்டியெல்லாம் அப்போது இக்கரையிலேயே நின்றுகொண்டிருந்தது. அக்கரையிலிருந்து மகளும் பேரனும் பஸ்ஸில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு ஐயாமாருக்கும் நான்தான் போன் செய்தேன். அந்த வாரம் இருவரும் திருச்சியில், வழக்கு விஷயமாக. ஒருவர், "அவங்க ஆட்கள் கல்லறைக்கு வருவாங்களாம்மா?" என்று கேட்டார். வருவார்கள் என்றேன். அப்படியானால் தனக்குச் சங்கடம் என்றார். மற்றவர், அடக்கப் பதிவேட்டைத் தன்னிடம் ஒப்படைப்பதாக எழுத்தில் கொடுத்தால் உடனே கிளம்புவதாகச் சொன்னார். எக்ஸ்சேஞ்சில் இருந்த முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் பாதிப் பேச்சில் இணைப்பைத் துண்டித்ததில்லை. அன்று துண்டித்தேன்.

ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருக்கிறார், போதகர் பட்டம் இல்லாத சபை ஊழியர், கண் சரியாகத் தெரியாது. "புஸ்தகத்த நீ பிடி தாயி, மனப்பாடமா எனக்கு வரும், விட்டா எடுத்துக் குடு" என்றார். எங்கள் கல்லறைத் தோட்டம் முழுக்க மணல். மழைக்காலத்தில் நாலடி தோண்டுவதற்குள் தண்ணீர் ஊறிவிடும், ஓரம் சரியும். பையன்கள் பனை வரிச்சலை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். இறைத்தவர்களில் இரண்டு தரப்பு ஆட்களும் இருந்தார்கள். வாளி ஒன்றுதான் இருந்தது, கை மாற்றிக்கொண்டார்கள். உபதேசியார் "மண்ணுக்கு மண்" என்று சொன்னபோது கையிலிருந்து விழுந்தது ஈரமணல், கட்டியாக. பெட்டி மேல் தொப்பென்று சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தகரப்பெட்டியை இழுத்தேன். அடக்கப் பதிவேடு. பெயர், வயது, இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'அடக்கம் செய்தவர்'. மேலே இருக்கிற அத்தனை வரியிலும் ஒரு போதகர் பெயர். உபதேசியார் பெயரை எழுதினால் நாளைக்கு அவர்மேல் நடவடிக்கை என்பார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'சபை' என்று எழுதினேன்.

மறுநாள் ஞாயிறு பெட்டியைக் கோவிலுக்கே தூக்கிப்போய், முன் பெஞ்சில் திறந்து வைத்தேன். சந்தா ரசீது வேண்டுமென்று ஏழு பேர் வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். அதில் நான் திருப்பி அனுப்பிய இரண்டு பேரும் இருந்தார்கள். புத்தகத்தில் இன்னும் பத்து இருபது தாள் பாக்கி இருந்ததை அவர்கள் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. இந்த வருடம் பதிவேடுகளைச் சரிபார்க்க ஒருவர் வந்தார், எந்தத் தரப்பு என்று நான் கேட்கவில்லை. அந்த வரியில் விரலை வைத்து, "இது யாரும்மா?" என்றார். எழுதியிருக்கிறதே ஐயா என்றேன். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார். ரப்பர் மேஜையிலேயேதான் கிடக்கிறது. நான் அழிக்கவில்லை.